கைமாறிய கட்டங்கள்

கிராஸ் ஸ்டிச் என்று பள்ளிக்கூடத் தையல் வகுப்புகளில் நாம் அறிந்த குறுக்குத் தையலைப் பற்றிப் பேச்செடுத்தாலே பலர் மனத்தில் ஒரே படம்தான் எழும்: ஜன்னலோரம் தலை குனிந்து, யாரோடும் பேசாமல், பொறுமையே வடிவாக ஊசி கோத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். ஐரோப்பிய ஓவியர்களும் நாவலாசிரியர்களும் அந்தப் படத்தை மீண்டும் மீண்டும் வரைந்து நிலைநாட்டிவிட்டார்கள். ஆனால் மிஞ்சியிருக்கும் துணிகளையும் பழைய மாதிரிப் புத்தகங்களையும் முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தால் வேறொரு கதை கிடைக்கிறது. இந்தத் தையல் தொடக்கம் முதலே பலருக்கிடையே நடந்த கொடுக்கல் வாங்கல். அதன் உயிர் அரண்மனைச் சுவரை மூடும் பெரிய திரைச்சீலைகளைவிட உள்ளங்கை அளவுத் துண்டுகளில்தான் அதிகம் இருந்தது. சின்னதாக இருந்ததால் அது கைமாறியது. கைமாறியதால் ஐந்நூறு ஆண்டுகளாகத் தாக்குப்பிடிக்கிறது. சிறுவேலை என்று அதை ஒதுக்குகிறவர்கள் அதன் வரலாற்றின் மையத்தையே ஒதுக்குகிறார்கள் என்பது என் வாதம்.

இது ஏன் இவ்வளவு எளிதாகக் கைமாறியது என்பதற்கான காரணம் தையலின் அமைப்பிலேயே இருக்கிறது. பாவும் ஊடும் குறுக்கிடும் இடத்தில் சாய்வாக ஒரு தையல், அதன்மேல் எதிர்ச்சாய்வாக இன்னொன்று. மேலே விழும் தையல் துணி முழுக்க ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். தொழில்நுட்பம் இவ்வளவுதான். மற்ற பூத்தையல்களில் பலவற்றுக்குத் துணிமேல் முதலில் படம் வரைந்தாக வேண்டும். இதழ் எங்கே வளைகிறது, நூல் எவ்வளவு நெருக்கமாக விழ வேண்டும் என்பதைக் கைப்பழக்கம்தான் முடிவு செய்யும். குறுக்குத் தையலுக்கு வரைபடம் துணியில் வேண்டியதில்லை, எண்ணிக்கை போதும். நம் வீடுகளில் பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி, எட்டில் நிறுத்து என்று ஒருத்தி சொன்னாலே இன்னொருத்தி தன் வாசலில் அதே கோலத்தைப் போட்டுவிடுவாளே, அதே ஏற்பாடுதான் இதுவும். துணி முரடானால் பூ பெரிதாகும், மெல்லியதானால் சிறிதாகும், பூ மாறாது. கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் இல்லாமலே, ஒரு கட்டத் தாளின் வழியாக, ஒரு நகரத்தின் வேலையை இன்னொரு நகரத்தில் பிழையின்றிச் செய்துவிடலாம். பூத்தையல்களில் இந்த வசதி எண்ணித் தைக்கும் வகைகளுக்கு மட்டுமே வாய்த்தது.

அச்சு இயந்திரம் வந்த சூட்டிலேயே இந்த வசதியை வியாபாரிகள் கண்டுகொண்டார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் யோஹான் ஷோன்ஸ்பெர்கர் 1523-24 வாக்கில் தையல், நெசவு மாதிரிகளை நூலாக அச்சிட்டார். அடுத்த நூறு ஆண்டுகளில் வெனிஸ், பாரிஸ், நூரம்பர்க் என்று பல ஊர்களில் இத்தகைய நூல்கள் பெருகின. ஒரு ஊர்ப் பதிப்பாளர் இன்னொரு ஊர்ப் பதிப்பாளரின் பூக்களை எடுத்துக்கொள்வது அன்றாட வழக்கம். நூரம்பர்க்கில் யோஹான் சிப்மாகர் 1597-இல் வெளியிட்ட மாதிரிகள் 1631-இல் லண்டனில் ஜேம்ஸ் போலர் வெளியிட்ட நூலில் மறுபடி தலைகாட்டுகின்றன. அந்த லண்டன் நூல் பத்தே ஆண்டுகளுக்குள் பன்னிரண்டாம் பதிப்பைத் தொட்டது. ஆனாலும் இத்தகைய நூல்களின் பிரதிகள் இன்று அரிதாகவே மிஞ்சியிருக்கின்றன. படங்களைத் துணிக்கு மாற்ற ஊசியால் குத்தினார்கள், ஏடுகளைக் கிழித்துப் பங்கிட்டார்கள், நைந்து போகும்வரை பயன்படுத்தினார்கள். ஒரு பிரதி நூலகத்தில் பத்திரமாக இருந்திருந்தால் அதை யாரும் பயன்படுத்தவில்லை என்றுதான் பொருள்.

புத்தகம் வாங்க முடியாதவர்களுக்கும், வாங்கியவர்களுக்கும்கூட, துணியே குறிப்பேடாக இருந்தது. சாம்ப்ளர் என்ற மாதிரித் துணியைப் பிற்காலத்தில் சிறுமிகளின் பயிற்சித் தாளாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் அது சேமிப்பு. தோழியின் மேலாடையில் பார்த்த கரை, உறவினர் வீட்டுத் தலையணையில் பார்த்த மான் என்று கண்ணில் பட்டவற்றைச் சிறு சிறு துண்டாகத் தைத்து வைத்துக்கொள்ளும் இடம். அதனால்தான் அந்தக் காலத்து மாதிரித் துணிகளில் ஒழுங்கு இருக்காது. ஒரு பூ பாதியில் நிற்கும், பக்கத்திலேயே இன்னொன்று தலைகீழாக இருக்கும். ஆண்டு பொறித்த பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் பழையது 1598-ஐச் சேர்ந்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தைத்தவர் ஜேன் பாஸ்டாக். மேற்பகுதியில் நாய், மான், சிங்கம். நடுவில் அவர் பெயரும் ஆண்டும். கூடவே ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23 செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்த செய்தி. அதன் கீழே வரிசை வரிசையாகக் கரைகளும் நிரப்புப் பூக்களும். கிழமையும் பொழுதும் வரை ஒரு குழந்தையின் பிறப்பைக் குறித்து வைத்த அந்தத் துணியைத் தனிமையின் சின்னம் என்று எப்படிச் சொல்வது? ஒருத்தி சேர்த்த செல்வத்தை அடுத்த தலைமுறைக்கு எழுதிவைத்த பத்திரம் போல அது நிற்கிறது.

சிறு துண்டுகளின் வலிமைக்கு இதே நூற்றாண்டிலிருந்து இன்னும் அழுத்தமான சான்று உண்டு. ஸ்காட்லாந்தின் அரசி மேரி இங்கிலாந்தில் சிறைப்பட்டு, 1569 முதல் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஷ்ரூஸ்பரி பிரபுவின் காவலில் இருந்தார். பிரபுவின் மனைவி பெஸ் ஆஃப் ஹார்ட்விக்கும் மேரியும் சேர்ந்து உட்கார்ந்து தைத்த துண்டுகள் ஆக்ஸ்பர்க் திரைகள் என்ற பெயரில் இன்றும் இருக்கின்றன. (இது இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் உள்ள ஆக்ஸ்பர்க் மாளிகை, மேலே சொன்ன ஜெர்மன் நகரம் வேறு.) பார்க்கப் பெரிய பச்சை வெல்வெட் திரைகள், உண்மையில் அவை சிலுவை வடிவிலும் எண்கோண வடிவிலும் தனித்தனியாகக் கான்வாஸில் தைத்து, வெட்டியெடுத்து, பிறகு வெல்வெட்டில் பதித்த சிறு துண்டுகளின் தொகுப்பு. பட்டு நூல், பெரும்பாலும் குறுக்குத் தையல். பறவைகளும் மீன்களும் விலங்குகளும் சுவிஸ் அறிஞர் கான்ராட் கெஸ்னரின் விலங்கியல் நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. காவலில் இருப்பவருக்குப் பெரிய சட்டம் போட்டுத் தைப்பது எளிதல்ல. ஒரு மாளிகையிலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி மாற்றப்பட்ட மேரிக்கு மடியில் அடங்கும் துண்டுகளே கைகொடுத்தன. அந்தத் துண்டுகள் பேசவும் செய்தன. மேகத்திலிருந்து நீளும் ஒரு கை கத்தியால் திராட்சைக் கொடியை வெட்டுகிறது. காயம் பட்டால்தான் வீரம் தழைக்கும் என்பது அதன்மேல் உள்ள லத்தீன் வாசகத்தின் கருத்து. இதே படம் தைத்த ஒரு தலையணையை மேரி நார்ஃபோக் பிரபுவுக்கு அனுப்பினார். மலட்டுக் கிளையான இங்கிலாந்து அரசி எலிசபெத்தை வெட்டு என்பதே அதன் பொருள் என்று கொள்ளப்பட்டது. பிரபுவின் மீதான ராஜத்துரோக வழக்கில் அந்தத் தலையணை சாட்சியமாக வந்தது. 1572-இல் அவர் தலை வெட்டப்பட்டது. பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்படும் வேலையை எலிசபெத்தின் அமைச்சர்கள் அப்படி ஒதுக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். எடுத்துக்காட்டுகள் எல்லாம் சரி, ஆனால் அடிப்படையில் இது படியெடுக்கும் வேலைதானே, கட்டத்தை எண்ணி நிரப்புவதில் கற்பனைக்கு எங்கே இடம் என்பது அது. இந்தக் குற்றச்சாட்டு வலுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பெர்லினில் பிலிப்சன் என்ற பதிப்பாளர் 1804-இல் கட்டத் தாளில் வண்ணமிட்ட மாதிரிகளை வெளியிட்டார். 1810-இல் விட்டிக் என்ற அச்சுப்படப் பதிப்பாளர், தையலில் தேர்ந்த தம் மனைவியின் தூண்டுதலால், இன்னும் நேர்த்தியான மாதிரிகளைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தாளிலும் ஆயிரக்கணக்கான சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தூரிகையால் கையாலேயே வண்ணம் வைப்பார்கள். ஒரு கட்டம் ஒரு தையல். கட்டத்தின் நிறமே நூலின் நிறம். மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி நூல் அதற்கென்றே சாயமேற்றி விற்கப்பட்டது. லண்டன் ரீஜன்ட் தெருவில் வில்க்ஸ் என்ற வணிகர் 1831-இல் இவற்றைப் பெருமளவில் இறக்குமதி செய்யத் தொடங்கினார். 1842-இல் தையல் கையேடு எழுதிய மிஸ் லாம்பர்ட், 1810-க்கும் 1840-க்கும் இடையில் பதினான்காயிரம் மாதிரிகள் வெளிவந்ததாகக் கணக்குச் சொல்கிறார். பிறகு பெண்களுக்கான மாத இதழ்களே மாதிரிகளை இணைப்பாகக் கொடுத்தன. செருப்பின் மேற்பகுதி, ஊசிப் பை, புத்தக அடையாளப் பட்டை என்று பரிசாகக் கொடுக்கத் தக்க சிறு வேலைகள் வீடுதோறும் பரவின. பிரபு வீட்டுப் பெண்ணும் கடைக்காரர் மகளும் ஒரே ரோஜாவைத் தைத்தது ஐரோப்பாவில் அதுவே முதல் முறையாக இருக்கக்கூடும்.

ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் தலைமுறைக்கு இது பிடிக்கவில்லை. கண் கூசும் சாயங்கள், யோசிக்காத கைகள் என்றார்கள். 1872-இல் லண்டனில் தொடங்கிய கலைத்தையல் பள்ளி இந்தப் பெர்லின் மோகத்துக்கு மாற்றாகவே முளைத்தது. சாயங்களைப் பற்றி அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. 1856-க்குப் பின் வந்த செயற்கைச் சாயங்கள் பல வேலைகளைக் கெடுத்தன. படியெடுத்தல் பற்றிய குற்றச்சாட்டு மட்டும் நிற்காது. அந்தக் கலைத்தையல் பள்ளியில் மோரிஸும், ஓவியர்கள் பர்ன் ஜோன்ஸும் வால்டர் கிரேனும் வரைந்ததைப் பெண்கள் தைத்தார்கள். அங்கேயும் வரைவது ஒருவர், தைப்பது இன்னொருவர். வேறுபாடு எங்கே என்றால், மோரிஸின் படம் சிலருக்குத்தான் எட்டியது, பெர்லின் கட்டத் தாள் யாருக்கும் எட்டியது. எட்டியவர்கள் அதை அப்படியே வைத்திருக்கவும் இல்லை. மேரி அரசியையே மீண்டும் பாருங்கள். கெஸ்னரின் நூலில் இருந்த பூனையை எடுத்து, அதைச் செம்பட்டை நிறமாக்கி, பக்கத்தில் நூலில் இல்லாத ஒரு எலியைச் சேர்த்தார். செம்பட்டைத் தலைமுடி எலிசபெத்துக்கு உரியது. எலி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மாதிரி பொதுவாக இருந்ததால்தான் மாற்றம் பளிச்சென்று தெரிந்தது. பொதுவான கட்டத்தை எடுத்துத் தன் தேவைக்குத் திருப்புவதில் உள்ள கற்பனை, வெறும் தாளில் தொடங்கும் கற்பனைக்குக் குறைந்ததல்ல என்றே நான் மதிப்பிடுகிறேன்.

இதைவிடக் கடினமான மறுப்பு இன்னொன்று இருக்கிறது. அதைத் தட்டிக் கழிக்க முடியாது. பெண் குழந்தைகளை அடக்கி வளர்ப்பதற்கும், ஏழைச் சிறுமிகளை வேலைக்காரிகளாக்குவதற்கும் இந்தத் தையல் கருவியாக இருந்தது என்பது அது. ரோசிகா பார்க்கர் 1984-இல் எழுதிய புகழ்பெற்ற நூல் இதை விரிவாகவே காட்டியது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் சிறுமிகள் எழுத்துகளையும் எண்களையும் குறுக்குத் தையலில் போட்டுப் பழகியதற்கு ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு. பெரிய வீடுகளில் விரிப்புகள், மேசைத் துணிகள், உள்ளாடைகள் எல்லாவற்றிலும் உரிமையாளரின் முதலெழுத்தும் வரிசை எண்ணும் சிவப்பு நூலில் தைக்கப்பட வேண்டும். சலவைக்குப் போனது திரும்பி வந்ததா என்று பார்ப்பது அப்படித்தான். அந்த வேலை தெரிந்த பெண்ணுக்கு வீட்டுவேலை கிடைக்கும். பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் நடத்திய அநாதை இல்லங்களின் மாதிரித் துணிகள் இதற்குச் சாட்சி. சிறு துணியில் எத்தனையோ வகை எழுத்து வரிசைகள், எண்கள், மூலைக் கரைகள், ஒரு விவிலியத்தின் உருவம். பெரும்பாலும் சிவப்பு நூல் மட்டும். பதின்பருவம் முடியுமுன்னே வேலைக்கு அனுப்பப்படவிருந்த சிறுமிகள் தைத்த திறமைச் சான்றிதழ்கள் அவை. காலனி நாடுகளின் மிஷன் பள்ளிகளுக்கும் இந்த ஊசிப் பாடம் வந்தது. நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820-களில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் பின்னல் வேறு தொழில் என்றாலும், நோக்கம் இதே வகைதான். அங்கே அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைப்பட்ட பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷனரிகளின் எழுத்துகளில் பதிவாகியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒடுக்குமுறை உண்மை. ஆனால் ஒடுக்கியவர் கொடுத்த கருவியை ஒடுக்கப்பட்டவர் எதற்குப் பயன்படுத்தினார் என்று கேட்காவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும். சசெக்ஸில் ஆஷ்பர்ன்ஹாம் என்ற ஊரில் கூலித் தொழிலாளியின் மகளாக 1813-இல் பிறந்த எலிசபெத் பார்க்கர் பதின்மூன்று வயதில் வீட்டுவேலைக்குப் போனார். 1830 வாக்கில் அவர் லினன் துணியில் சிவப்புப் பட்டு நூலால் குறுக்குத் தையலில் தைத்தது இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூ இல்லை, கரை இல்லை, வீடு இல்லை. மேலிருந்து கீழ்வரை நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகளில் நெருக்கமான எழுத்துகள் மட்டும். தமக்கு எழுத வராது, அதனால் ஒருவரிடம் பேசுவது போல இங்கே பதிகிறேன் என்று தொடங்கி, எஜமானர் வீட்டில் பட்ட கொடுமைகளையும், மாடிப்படியில் தள்ளப்பட்டதையும், உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியதையும் சொல்லிக்கொண்டே போகிறார். தம் ஆன்மாவின் கதி என்னவாகும் என்று கேட்கும் இடத்தில் வரி அறுந்து நிற்கிறது. அதற்குக் கீழே வெறும் துணி. பணிப்பெண்ணின் விரல்களுக்கு விரிப்பில் குறியிடக் கற்றுக்கொடுத்த அதே எழுத்துகள்தான் இவை. அவற்றால் அவர் பிரபுக்களின் விரிப்பை எண்ணாமல் தம் வாழ்வைச் சொன்னார். யாரோ ஒருவரிடம் பேசுகிறேன் என்று அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். தனிமையின் அடிமட்டத்தில்கூட இந்தத் தையல் கேட்பவர் ஒருவரை எதிர்பார்த்தே தைக்கப்பட்டது. அவர் அந்த இருளிலிருந்து மீண்டார் என்பதும் தெரிகிறது: அதே ஊரில் பள்ளி ஆசிரியையாகி 1889 வரை வாழ்ந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் போர்க்காலச் சிறைகள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. 1941-இல் கிரீட் தீவில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் மேஜர் அலெக்சிஸ் காஸ்டாக்லி, சக கைதி கொடுத்த கான்வாஸ் துண்டிலும், பிரிந்துபோன ஒரு பழைய கம்பளிச் சட்டையின் நூலிலும் ஒரு சிறு மாதிரித் துணி தைத்தார். பெயர், தேதி, சிறைப்பட்ட இடம் என்று பார்வைக்குச் சாதுவான வேலை. கரையில் ஓடும் புள்ளிகளும் கோடுகளும் மோர்ஸ் குறிகள். மன்னரைக் கடவுள் காக்க என்று ஒன்று, ஹிட்லரை அச்சில் ஏற்ற முடியாத சொல்லால் திட்டியது இன்னொன்று. சிறை அதிகாரிகள் அர்த்தம் தெரியாமல் அதைச் சுவரில் காட்சிக்கு வைத்தார்கள். பல முகாம்களில் அது தொங்கியது. அவர் தாம் தைத்ததோடு நிறுத்தாமல் நாற்பது அதிகாரிகளுக்குத் தையல் வகுப்பும் நடத்தினார்; இது பெண்களின் வேலை என்ற எண்ணத்துக்கு அந்த வகுப்பறையே பதில். அடுத்த ஆண்டில், சிங்கப்பூர் சாங்கி சிறையில் ஜப்பானியரிடம் அடைபட்டிருந்த பெண்களை, எதெல் முல்வானி என்ற கனடியப் பெண் ஒன்றுதிரட்டினார். ஆளுக்கு ஆறங்குலச் சதுரத் துணி. அதில் தன் பெயரும் தன்னைப் பற்றிய ஏதாவது ஒன்றும் பலவகைத் தையல்களில் இருக்க வேண்டும். அறுபத்தாறு சதுரங்களைச் சேர்த்து ஒரு போர்வை, இப்படி மூன்று. காயமடைந்த வீரர்களுக்கு என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். தனித்தனியாக அடைக்கப்பட்ட கணவர்களுக்கும் உறவினர்களுக்கும் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்ற சேதியைப் போர்வை சுமந்து போனது. ஆறங்குலம் என்பதைக் கவனியுங்கள். பெரியதாகத் திட்டமிட்டிருந்தால் அது முடியும்வரை எத்தனை பேருக்கு உடம்பில் தெம்பும் கையில் துணியும் இருந்திருக்கும்?

பாலஸ்தீனத்தில் தத்ரீஸ் எனப்படும் எண்ணித் தைக்கும் குறுக்குத் தையல் இந்தக் கதையின் மிகச் செழிப்பான பகுதி. ஆடையின் மார்புப் பட்டையைத் தனித் துண்டாகத் தைத்துப் பிறகு இணைப்பார்கள். பூவையும் நிறத்தையும் பார்த்தே எந்த ஊர்ப் பெண் என்று சொல்லிவிடுவார்கள். அந்த வேலை வெளி உலகுக்கு மூடியே இருந்தது என்று நினைக்க வேண்டாம். பிரான்சின் மியூலூஸில் இயங்கிய டிஎம்சி நிறுவனத்தின் பருத்தி நூலும் அதோடு வந்த ஐரோப்பிய மாதிரித் தாள்களும் 1930-கள் முதலே அங்கே பரவி, ரோஜாக்களும் பறவைகளும் பழைய சைப்ரஸ் மரங்களோடு சேர்ந்துகொண்டன. 1948-க்குப் பின் அகதி முகாம்களில் வெவ்வேறு ஊர்ப் பெண்கள் அருகருகே வாழ நேர்ந்தபோது ஊருக்கு ஊர் இருந்த வேறுபாடுகளும் கலந்தன. 1969-இல் லெபனானில் தொடங்கிய இனாஷ் அமைப்பு முகாம்களில் உள்ள பெண்களுக்கு இந்தத் தையலையே வருமானமாக்கியது. 1987-இல் பாலஸ்தீனத்தில் இஸ்ரேலிய ஆக்கிரமிப்புக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்து, கொடியை வெளியில் காட்டத் தடை இருந்த காலத்தில், பெண்கள் கொடியின் நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் ஆடையிலேயே தைத்து உடுத்தினார்கள். 2021-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் நீலகிரியில் தோடர் பெண்கள் பூத்துக்குளிப் போர்வையில் செய்வது குறுக்குத் தையல் அல்ல. ஆனாலும் துணியில் எதையும் வரையாமல் இழையை எண்ணி, சிவப்பும் கறுப்புமாகத் தைக்கும் அந்த வேலை இதே குடும்பம். அதற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஐரோப்பாவில் மோரிஸ் காலத்துக்குப் பின் மங்கியிருந்த குறுக்குத் தையலுக்கு மறுவாழ்வு தந்தது டென்மார்க். 1928-இல் அங்கே தொடங்கிய கைவினைச் சங்கம் ஓவியர்களை அழைத்து வந்தது. கெர்டா பெங்ட்சன் வயல்வெளிச் செடிகளை வேரும் இலையும் பிசகாமல் கட்டத் தாளுக்குக் கொண்டுவந்தார். தெருவோரத்தில் முளைக்கும் ஒரு சின்னச் செடிக்கு ஒரு சிறு துண்டு. 2009-இல் லண்டனில் சாரா கார்பெட் தொடங்கிய குழு, கைக்குட்டை அளவுக்கும் குறைந்த எதிர்ப்புப் பதாகைகளைக் குறுக்குத் தையலில் தைத்துத் தெருக்களில் கட்டியது.

இன்று உலகெங்கும் மக்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து சிறு துண்டுகள் தைக்கிறார்கள், மாதிரிகளைப் பகிர்கிறார்கள். இதெல்லாம் நூல் நிறுவனங்களும் கிட் விற்பவர்களும் தூண்டிய நுகர்வு என்று சிலர் சொல்கிறார்கள். நூல் விற்பவர் எப்போதும் இருந்தார். ஷோன்ஸ்பெர்கரும் விட்டிக்கும் வில்க்ஸும் தர்மத்துக்குக் கடை விரிக்கவில்லை. வாங்கியவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதில்தான் வரலாறு இருக்கிறது. சிறு வேலையை எடுத்தவர் முடிக்கிறார், முடித்ததைக் கொடுக்கிறார், கொடுத்ததைப் பார்த்தவர் கேட்கிறார், கேட்டவருக்குக் கட்டத் தாள் போகிறது. ஆண்டுக்கணக்கில் சட்டத்தில் கிடக்கும் பெரிய வேலைக்கு அதன் மதிப்பு உண்டு. இந்தச் சுழற்சி அதற்கு வாய்க்காது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தையல் ஆசிரியைகள் மேட்டித் துணியில் சொல்லிக்கொடுத்த குறுக்குத் தையலுக்கு இன்னும் முறையான வரலாறு எழுதப்பட வேண்டும். அதற்கான ஆதாரங்கள் அரசு ஆவணக் காப்பகத்தைவிட வீடுகளில்தான் அதிகம் இருக்கும்: பரணில் கிடக்கும் தையல் நோட்டு, கட்டம் போட்ட தாளில் வண்ணப் பென்சிலால் வரைந்த கிளி, கண்ணாடிச் சட்டத்துக்குள் நிறம் மங்கிய நல்வரவு. அவற்றைக் கழித்துவிடாதீர்கள். தைத்தவர் பெயர், ஊர், பள்ளி, ஆண்டு, மாதிரியை யாரிடமிருந்து வாங்கினார் என்ற விவரங்களை, தைத்தவர் இருக்கும்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள்.